நூற்றுக்கு நூறு ஃபிட்டுங்க, டாக்டரம்மா

டாக்டரைப் பார்த்தால் மற்றவர்களுக்கெல்லாம் இல்லாத நோவும் ஞாபகம் வரும். எனக்கு இருக்கிற நோவும் மறந்துபோகும். என் மேல் தப்பில்லை, நான் சங்ககிரியில் லாரி ஓட்டியவன். எங்களுக்கு டாக்டர் என்றால், லைசென்ஸ் புதுப்பிக்கும்போது ‘இவர் நலமாக இருக்கிறார்’ என்று கையெழுத்துப் போடுகிறவர், அவ்வளவுதான். அவர் முன்னால் போய் முதுகு வலி, மூட்டு வலி என்று ஒப்பாரி வைத்தால் பிழைப்பு என்னாவது? இருமல் வந்தாலும் முழுங்கிவிட்டுத்தான் உள்ளே போவோம். கண் பரிசோதனைப் பலகையின் எழுத்துகளைக்கூட டீக்கடையில் உட்கார்ந்து மனப்பாடம் செய்வோம். (நாங்கள் ஓட்டுகிற சாலையில் நீங்களும் போகிறீர்களே என்று பயப்பட வேண்டாம். எனக்குக் கண் நன்றாகவே தெரியும். எல்லாம் பழக்கதோஷம்.)

அப்படிப்பட்ட என் இடது காலின் மேல், பட்டறையில் டயர் மாற்றும்போது ஜாக்கி நழுவி வண்டி இறங்கிவிட்டது. ஊர் ஊராக ஓட்டி ஒரு கீறல் படாதவன், நின்ற வண்டியில் அடிபட்டேன். எலும்பு கூடியது. ஆனால் கணுக்கால் அசையவே மாட்டேன் என்றது, முழங்காலும் பாதிக்கு மேல் மடங்கவில்லை. லாரி போயிற்று. எங்கே போவதென்றாலும் என் வீட்டுக்காரி சரசுவின் மொபெட்டில் பின்னால் தொற்றிக்கொண்டுதான். ஸ்பீட் பிரேக்கர் வரும்போதெல்லாம் பின்னாலிருந்து “கிளட்ச், கிளட்ச்” என்று கத்துவேன். (அந்த மொபெட்டில் கிளட்சே கிடையாது.)

பக்கச் சக்கரம் வைத்த ஸ்கூட்டரை அரசாங்கம் தருகிறது என்று கேள்விப்பட்டதும் எனக்கு உயிர் வந்தது. நானே ஓட்டலாம், நினைத்த இடத்துக்குப் போகலாம். அதற்கு முதலில் டாக்டர்கள் காலைப் பார்த்து, நாற்பது சதவீதத்துக்குக் குறையாத ஊனம் என்று சான்றிதழ் தர வேண்டும்.

முகாம் ஒரு பள்ளிக்கூடத்தில் நடந்தது. இருக்கிறதை இருக்கிறபடி சொல்லுங்கள் என்று முந்தின நாளே சரசு படித்துப் படித்துச் சொல்லியிருந்தாள். நானும் தலையாட்டினேன். ஆனால் காலையில் என்னையறியாமல் மீசைக்கு மை பூசி, காக்கிச் சட்டையைத் தேய்த்து மாட்டிக்கொண்டேன். என் பெயரைக் கூப்பிட்டதும் கைத்தடியைச் சரசுவிடம் நீட்டினேன். அவள் முறைத்தாள். நானே அதைச் சுவரில் சாய்த்துவிட்டு, பல்லைக் கடித்துக்கொண்டு, பெண் பார்க்க வந்த மாப்பிள்ளை மாதிரி நடந்துபோனேன்.

எலும்பு டாக்டர் சின்ன வயதுப் பெண். வலி உண்டா என்று கேட்டார். சேச்சே என்றேன். படி ஏறுவீர்களா என்றார். லாரி கேபினுக்கே ஏறுவேன் என்றேன். அவர் பேனாவை மூடினார். அப்போதாவது நான் வாயை மூடியிருக்கலாம். பக்கத்துக் கண் டாக்டரின் மேசைக்குப் பின்னால் பலகை தெரிந்தது. யாரும் கேட்காமலே மேலிருந்து கடைசி வரி வரை ஒப்பித்தேன். நான் ஒப்பித்தது ஆங்கில எழுத்து. பலகையில் இருந்தது தமிழ் எழுத்து. கண் டாக்டர் எட்டிப் பார்த்து, இவரை அப்புறம் என் மேசைக்கும் அனுப்புங்கள் என்றார்.

“ஐயா, நீங்க நல்லாத்தானே இருக்கீங்க. உங்களுக்கு எதுக்கு சர்டிபிகேட்?” என்றார் டாக்டரம்மா.

ஸ்கூட்டர் கண்ணெதிரே கைவிட்டுப் போய்க்கொண்டிருந்தது. புத்தியுள்ளவன் அப்போது உண்மையைச் சொல்லியிருப்பான்.

“நூத்துக்கு நூறு ஃபிட்டுங்க, டாக்டரம்மா,” என்றேன் நான்.

அதோடு விட்டேனா? நிரூபிக்கிறேன் பேர்வழி என்று நல்ல காலைத் தூக்கிக்கொண்டு கெட்ட காலில் நின்றேன். (நின்றேன் என்பது ரொம்பப் பெரிய வார்த்தை.) பிடிமானத்துக்கு மேசை விரிப்பைப் பிடித்தேன். விரிப்பு, தண்ணீர் பாட்டில், ஸ்டெதஸ்கோப் எல்லாம் என்னோடு சேர்ந்து கீழே வந்தன. தரையில் கிடந்தபடியே, ஒன்றுமில்லை என்று வேறு சொன்னேன்.

சரசு கைத்தடியோடு ஓடி வந்தாள். அடிக்கத்தான் வருகிறாள் என்று நினைத்தேன்.

“இந்த மனுசன் பேச்ச நம்பாதீங்க டாக்டரம்மா. கக்கூஸ் போனா எந்திரிக்க நான் கை குடுக்கோணும். ராத்திரியில நோவு பொறுக்காம தலகாணியக் கடிச்சுக்கிட்டுப் படுத்திருப்பாருங்க. நான் தூங்கறேன்னு நெனப்பு அவருக்கு.”

பள்ளிக்கூடம் முழுக்கக் கேட்டது. கக்கூஸ் விஷயத்தில் மானம் போனது. தலையணை விஷயம் அவளுக்குத் தெரியும் என்பது எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. (விழுந்ததில் அடி என்று எல்லோரிடமும் சொல்லிவைத்தேன்.)

டாக்டரம்மா என்னைப் படுக்கவைத்து, காலை மடக்கி மடக்கி அளந்து பார்த்தார். “நீங்க சொல்றத நான் எழுதப் போறதில்ல ஐயா. கால் எவ்வளவு மடங்குதோ அதத்தான் எழுதுவேன்,” என்றார். சான்றிதழ் நாற்பதைத் தாண்டியே வந்தது. கொஞ்சம் இழுத்தடித்தாலும் ஸ்கூட்டரும் வந்து சேர்ந்தது.

அன்றிலிருந்து எங்கள் வீட்டில் யார் தும்மினாலும், “நூத்துக்கு நூறு ஃபிட்டுங்க” என்று என் மகள் ஆரம்பித்துவிடுவாள். சம்பந்தி வீட்டார் முன்னால்கூட விடுவதில்லை.

போன மாதம் சரசு வயிற்றைப் பிடித்துக்கொண்டு அடுப்படியில் குனிந்து நின்றாள். என்ன என்றால், ஒன்றுமில்லை என்றாள். நூற்றுக்கு நூறு ஃபிட்டா என்று கேட்டேன். சிரிக்கப் பார்த்தாள், முடியவில்லை. உடனே ஸ்கூட்டரை எடுத்தேன். ஆஸ்பத்திரி வரைக்கும் என் சட்டையை இறுக்கிப் பிடித்திருந்தாள். எங்கே வலிக்கிறது என்று டாக்டர் கேட்டதும், அவள் வாயைத் திறப்பதற்குள் நானே முழுவதையும் சொல்லிவிட்டேன். கிட்னியில் கல்லாம், பயப்பட ஒன்றுமில்லையாம். ஊசி போட்டு மருந்து கொடுத்து அனுப்பினார்கள்.

திரும்பும் வழியில் ஸ்பீட் பிரேக்கர் வந்தது. “கிளட்ச், கிளட்ச்” என்றாள் பின்னாலிருந்து.