அந்தோனிப்பிள்ளையும் பிறரும்

வகுப்பில் "விளங்கிச்சுதோ?" என்று கேட்டால் தலையாட்டுகிறவர்களில் பாதிப் பேருக்கு ஒன்றும் விளங்கியிருக்காது. மீதிப் பேருக்குப் பிழையாக விளங்கியிருக்கும். நான் இரண்டாவது ரகம். பிழையாக விளங்கினாலும் அதை முழு நம்பிக்கையோடு செய்து முடிக்கிற ஆள்.

நான் கம்பஸுக்குப் போனது ஓடித்தான். (பரீட்சைப் புள்ளியும் கொஞ்சம் உதவியது என்று அம்மா சொல்லுவா.) பெண்கள் ஆயிரத்து ஐந்நூறு மீற்றரில் முல்லைத்தீவுக் கரையோரத்தில் என்னை முந்த ஆளில்லை. ஆகவே கிளிநொச்சிப் பக்கத்துக் கம்பஸிலும் எதிலும் என்னை முந்த ஆளிருக்காது என்று முடிவு செய்து, விளையாட்டு விஞ்ஞானம் முதலாம் வருடத்தில் போய் இருந்தேன். அங்கே 'கற்றல் திறன்கள்' என்றொரு பாடம். எப்படிக் குறிப்பு எடுப்பது, எப்படி வாசிப்பது, எப்படிக் கட்டுரை எழுதுவது என்றெல்லாம் சொல்லித் தந்தார்கள். ஓட வந்தவர்களுக்கு இது எதற்கு என்று நாங்கள் கண்ணைத் திறந்துகொண்டே நித்திரை கொண்டோம்.

ஆனால் அந்தப் பாடத்தில் ஒரு கண்ணி இருந்தது. முதல் கட்டுரையில் சித்தியடையாதவர்களுக்குச் சனிக்கிழமை காலைகளில் மேலதிக வகுப்பு. முதல் சனிக்கிழமை காலையில்தான் கம்பஸ் அணிக்கான தெரிவு ஓட்டமும். கட்டுரை பிழையாய்ப் போனால் அந்த வருட ஓட்டம் போச்சு.

தலைப்பு சுகமானது: ஓடுவதற்கு முன் உடலைச் சூடாக்குதல். பாடம் எடுத்த மிஸ் வடிவாக, விளக்கமாகத்தான் சொன்னா.

"கடைசியில றெபரன்ஸ் கட்டாயம். ஆகக் குறைஞ்சது அஞ்சு. நம்பகமானதா இருக்கவேணும். பழசுகளைத் தவிருங்கோ. அகரவரிசையில எழுதுங்கோ. விளங்கிச்சுதோ?"

தலையாட்டினேன்.

எங்கள் பக்கத்தில் றெபரன்ஸ் என்றால் ஆள். வேலைக்கு விண்ணப்பம் போட்டால் கடைசியில் 'உறவினரல்லாத இருவர்' என்று பெயர், பதவி, தொலைபேசி எண் எல்லாம் எழுதவேண்டும். அண்ணாவுக்கு விண்ணப்பம் எழுதிக் கொடுத்தே எனக்குக் கை பழகியிருந்தது. வேலைக்கே இரண்டு பேர் போதும், கம்பஸ் ஐந்து பேரைக் கேட்கிறதே, படிப்பு எவ்வளவு பெரிய விசயம் என்று எனக்குப் புல்லரித்தது. (மிஸ் கேட்ட ஆதார நூல்களுக்குத் தமிழில் 'உசாத்துணை' என்று அழகான சொல் இருக்கிறது. மிஸ் அதைச் சொல்லியிருந்தாலும் பிரயோசனமில்லை. உசாவுவதற்குத் துணை என்று பிரித்துப் பார்த்து, அதே ஆட்களிடம்தான் போயிருப்பேன்.)

வார இறுதியில் வீட்டுக்குப் போய் ஆட்களைத் திரட்டினேன். முதலாவது, கடற்றொழிலாளர் சங்கத் தலைவர் அந்தோனிப்பிள்ளை. கடற்கரை வாடிக் கொட்டிலில் வலையைப் பார்த்துக்கொண்டிருந்த மனிதர், விசயத்தைக் கேட்டதும் கதிரையில் நிமிர்ந்து இருந்தார்.

"கம்பஸுக்கு என்ர பேரோ? போடும் பிள்ளை. ஆர் போனில கோல் எடுத்துக் கேட்டாலும் நான் கதைக்கிறன்."

பிறகு கிராம சேவகர், பள்ளிக்கூட அதிபர், தபாற்கந்தோர்க்காரர், பங்குத்தந்தை. எனக்கு ஞானஸ்நானம் தந்த பழைய ஃபாதரைச் சேர்க்கவில்லை. பழசுகளைத் தவிர்க்கச் சொல்லியிருந்தார்கள். புது ஃபாதர் ஜெராட்டைத்தான் போட்டேன். அதிலும் ஒரு சிக்கல். அகரவரிசைப்படி அந்தோனிப்பிள்ளை தலையில் ஏறிக்கொண்டார். ஃபாதரின் பெயர் வடவெழுத்தில் தொடங்குவதால் கடைசிக்குப் போய்விட்டார்.

அம்மா பார்த்துவிட்டுத் துடித்துப்போனா. "ஃபாதரைக் கடைசியில போடுறதோ? உனக்குக் கண் தெரியாதோ?"

"கம்பஸ் முறை அம்மா, அப்பிடித்தான்" என்றேன், பெரிய படிப்பாளி மாதிரி.

அடுத்த வகுப்பில் மிஸ் இன்னொன்று சொன்னா. ஒவ்வொரு கருத்துக்கும் பக்கத்தில் அடைப்புக்குறிக்குள் பெயரும் வருடமும் வரவேண்டும், பலர் என்றால் முதல் ஆளின் பெயரை எழுதி 'பிறரும்' என்று போடலாம். வருடம் என்றால் என்னை எப்போதிருந்து தெரியும் என்பது, அது தெரியாவிட்டால் ஆளைக் கந்தோரில் எப்போது பிடிக்கலாம் என்பது என்று எடுத்துக்கொண்டு நானும் ஒன்றையும் விடவில்லை. "சூடாக்காமல் ஓடினால் தசைநார் கிழியும் (அந்தோனிப்பிள்ளை, நான் பிறந்த வருடத்திலிருந்து)." "மூச்சை ஆழமாக இழுக்கவேண்டும் (கிராம சேவகர், செவ்வாயும் வியாழனும் மட்டும்)." முடிவுரையில் எல்லோரையும் ஒன்றாகத் திரட்டி "(அந்தோனிப்பிள்ளையும் பிறரும்)" என்று முத்திரை குத்தினேன். இதையெல்லாம் அவர்கள் சொன்னார்களா என்ற கேள்வியே எனக்கு எழவில்லை. எனக்குப் பொறுப்பு நிற்கிறவர்கள் என் வசனங்களுக்கும் பொறுப்பு நிற்பார்கள்தானே!

புள்ளி சொல்கிற நாளும் வந்தது. மிஸ் என் கட்டுரையைத் தூக்கிப் பிடித்தா.

"பிள்ளை, இந்த அந்தோனிப்பிள்ளை எந்த யூனிவர்சிற்றி?"

"கடற்றொழிலாளர் சங்கம், மிஸ்."

வகுப்பு சிரித்து அடங்குவதற்குள் வாசலில் கருவாட்டு மணம் வந்தது. மணத்துக்குப் பின்னால் வெள்ளைச் சாரம் கட்டிக்கொண்டு அந்தோனிப்பிள்ளை வந்தார். இன்றுதான் புள்ளி சொல்வார்கள் என்று நான் வீட்டில் சொன்னது அவர் காதுக்கும் போயிருக்கிறது. கம்பஸிலிருந்து கோல் வரும் வருமென்று பார்த்து, போனைப் பொலித்தீன் பையில் சுற்றிக் கடலுக்கும் கொண்டுபோய், கடைசிவரை வராததால் பரந்தனில் பஸ் மாறி நேரிலேயே வந்துவிட்டார்.

"மிஸ், நான்தான் றெபரன்ஸ்."

எனக்கு மேசைக்குக் கீழே போய் ஒளிக்கலாம் போலிருந்தது. வகுப்பு மேசையைத் தட்டிச் சிரித்தது. மிஸ் மட்டும் சிரிக்கவில்லை. கதிரையை இழுத்துப் போட்டா.

"இருங்கோ ஐயா. சூடாக்காமல் ஓடினா தசைநார் கிழியும் எண்டு நீங்கள் சொன்னதா இவா எழுதியிருக்கிறா. சொன்னனீங்களோ?"

"ஆர், நானோ? நான் பஸ்ஸுக்குக்கூட ஓடாத மனுசன்!" என்றவர் என் பக்கம் திரும்பினார். முகம் சிவந்துவிட்டது. "பிள்ளை, நான் சொல்லாததைச் சொன்னனெண்டு எழுதலாமோ? சங்கத்தில ஒருத்தன் இப்பிடிக் கதைச்சுத்தான் போன மாசம் அடிபாடு!"

மிஸ் கையெடுத்துக் கும்பிடாத குறை. "ஐயா, இதைத்தான் நான் ஒரு மாசமா இவையளுக்குச் சொல்லிக்கொண்டிருக்கிறன். சரி, நீங்கள் என்ன சொல்லுறியள்?"

"பிள்ளை நல்ல பிள்ளை. விடியக் கடற்கரை மணலில ஓடுவா. நான் கண்ணால கண்டனான்."

"அதை எழுதலாம். அதுக்குப் பேர் தனிப்பட்ட தொடர்பாடல்."

பட்டம் கிடைத்தவர் போல அந்தோனிப்பிள்ளை வகுப்பை ஒருமுறை பார்த்தார். ஐந்தில் தேறியது அவர் ஒருவர்தான். அதுவும் கட்டுரைக்குச் சம்பந்தமில்லாத விசயத்தில். நான் பெயில்.

சனிக்கிழமை, மேலதிக வகுப்பில் இருந்தபடி மைதானத்து விசில் சத்தத்தைக் கேட்டேன். அழுதேன். என் தூரத்தை இன்னொருத்தி ஓடுகிறாளே என்று மூக்கு வழிய அழுதேன். மிஸ் ஓர் ஆய்வுக் கட்டுரையை முன்னால் வைத்து, "இதில ஆர் என்ன சொல்லியிருக்கினம் எண்டு பாரும்" என்றா. பார்த்தேன். கோபத்தில் பார்த்தாலும் விளங்கத்தான் செய்தது. அடுத்த வருடம் தெரிவு ஓட்டத்தில் முதலாவதாக வந்தேன், கட்டுரையிலும் குறையவில்லை.

இப்போது அந்தச் சனிக்கிழமை வகுப்பை எடுப்பது நான்தான். "விளங்கிச்சுதோ?" என்று ஒருநாளும் கேட்பதில்லை. "என்ன விளங்கினது, சொல்லுங்கோ" என்றுதான் கேட்பேன். வீட்டில் நிலைமை மோசம். இண்டைக்கு மழை வரும் என்று நான் வாயைத் திறந்தாலே அப்பா "றெபரன்ஸ்?" என்பார். மற்றவர்கள் ஒரே குரலில் "அந்தோனிப்பிள்ளையும் பிறரும்!" என்பார்கள்.

கரைவலை இழுப்பவர்களின் தோள் நோவைப் பற்றித்தான் என் ஆய்வு. இந்தமுறை அந்தோனிப்பிள்ளையை முறைப்படி பேட்டி கண்டு, அவர் சொன்னதை மட்டும் எழுதினேன். புத்தகமாகக் கட்டிக் கொண்டுபோய்க் கொடுத்தபோது, பேட்டி கொடுத்தவர்களின் பெயர்கள் உள்ள பக்கத்தைத் தேடிப் பிடித்து முதல் வரியில் விரலை வைத்தார். "பாத்தீரோ, முதல் பேர் என்ர!" அகரவரிசை என்று நான் சொல்லவில்லை.

அம்மா புத்தகத்தை வாங்கி, கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, மேலிருந்து கீழே விரலால் தேடினா.

"ஃபாதர் எங்க?"

"ஃபாதர் வலை இழுக்கிறேல்லைத்தானே அம்மா. நான் அவரைப் பேட்டி காணேல்லை."

அம்மா கண்ணாடியைக் கழற்றினா. "அப்ப இந்தமுறை மனுசன் கடைசியிலயும் இல்லையோ?"