பன்னிரண்டாவது ஜன்னல்

மழை வரும்வரை இந்த வீட்டு ஜன்னல்கள் மேல் ஒரு சொட்டுத் தண்ணீர் படக்கூடாது என்று ஜன்னல்காரர் ஞாயிற்றுக்கிழமை காலை எட்டரை மணிக்குத் தீர்மானம் போட்டார். சாய்வு நாற்காலியில் படுத்தபடிதான் போட்டார். பெரிய பெரிய தீர்மானங்களுக்கெல்லாம் அவருக்கு அந்த நாற்காலிதான் வசதி.

பாவம், அசந்துபோன மனுஷர். வாரத்தில் ஆறு நாள் ஊரார் வீட்டு ஜன்னல்களைக் கழுவுவதுதான் பிழைப்பு. இருபதடி நீளக் கம்பு, அதன் உச்சியில் ஒரு பிரஷ். கம்புக்குள் ஓடும் குழாய் வழியாகத் தண்ணீர் மேலே ஏறி, பிரஷ் வழியாகக் கண்ணாடியில் கொட்டும். ஏணி வேண்டாம். துடைக்கத் துணி வேண்டாம். நன்றாக வடிகட்டின தண்ணீர் என்பதால் தானே காய்ந்து பளிச்சென்று ஆகிவிடும். கேட்க சுகமாகத்தான் இருக்கும். நாள் முழுக்க அண்ணாந்து நிற்கிற அவருடைய கழுத்தைக் கேட்டுப் பாருங்கள், வேறு கதை சொல்லும். சனிக்கிழமை ராத்திரி சாப்பிட உட்கார்ந்தால், குனிந்து தட்டைப் பார்க்கவே அவருக்குப் பத்து நிமிஷம் பிடிக்கும்.

மிச்சம் இருப்பது ஞாயிற்றுக்கிழமைத் தூக்கம் ஒன்றுதான். அதற்கு ஒரே எதிரி, சொந்த வீட்டு ஜன்னல்கள். மொத்தம் பதினொன்று. தண்ணீர் பட்டு ஒன்றேகால் வருஷம் ஆகிறது. அவர் மனைவிக்கு வீட்டிலேயே தையல் வேலை, தெருவே தையலம்மா என்றுதான் கூப்பிடும். ஜன்னலோரம் மிஷினைப் போட்டுக்கொண்டு, பட்டப்பகலில் விளக்கை ஏற்றி, ஊசியில் நூல் கோர்க்கத் தவியாய்த் தவிப்பாள். "அடுத்த ஞாயிறு" என்பார் இவர். அறுபது அடுத்த ஞாயிறு வந்து போய்விட்டது.

இந்த லட்சணத்தில்தான் முந்தின நாள் சாயங்காலச் செய்தியில் ஊருக்குத் தண்ணீர்க் கட்டுப்பாடு என்று சொன்னார்கள். காலையில் ஒரு மணி நேரம்தான் குழாயில் வருமாம். ஊர் உலகமே தலையில் கை வைத்தது. ஜன்னல்காரருக்கு மட்டும் வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது.

"ஏங்க, இன்னிக்காவது..." என்று ஆரம்பித்தாள் தையலம்மா.

"பேசாதே. செய்தி கேட்டியா இல்லையா? ஜனங்க குடிக்கத் தண்ணி இல்லாமத் தவிக்குது. நாம ஜன்னலுக்கு ஊத்தறதா? மனசாட்சி வேணாம்?"

"வேணும்தான்" என்றாள்.

அவ்வளவுதான். சண்டை இல்லை, முணுமுணுப்பு இல்லை. இருபத்தேழு வருஷம் குடித்தனம் செய்தவருக்கு அந்த ஒரு வார்த்தையிலேயே உறைத்திருக்க வேண்டும். உறைக்கவில்லை. கண் சொருகிவிட்டது.

அரைத்தூக்கத்தில் வாசலில் பேச்சுக் குரல் கேட்டது. பக்கத்து வீட்டு மீட்டரண்ணன். தண்ணீர் ஆபீசில் முப்பது வருஷம் வீடு வீடாகப் போய் மீட்டர் பார்த்தவர். ஓய்வுபெற்ற பிறகு பார்க்க மீட்டர் இல்லை, அதனால் வீடுகளை மட்டும் பார்க்கிறார்.

"உன் வீட்டுக்காரர் சொல்றது சரிதாம்மா. அந்தக் கம்பு இருக்கே, அது தண்ணி குடிக்கிற பூதம். ஒரு ஜன்னலுக்கு ஒரு அண்டா இழுக்கும்."

"அப்படியாண்ணே? நான் அரை வாளியில துணியை நனைச்சே துடைச்சிடுவேனே."

"வாளிதாம்மா சிக்கனம். கம்பு சுத்த ஊதாரி."

ஜன்னல்காரரின் ஒரு கண் திறந்தது.

"ஆமாண்ணே, ஊதாரிதான்" என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் சாயங்காலம்வரை அடித்துப்போட்ட மாதிரி தூங்கியிருக்கலாம். வாய் வரைக்கும் வந்ததுதான். ஆனால் வாளி! போயும் போயும் ஒரு வாளியை அவருடைய கம்புக்கு மேலே தூக்கி வைப்பதா? இன்னொரு கண்ணும் திறந்தது.

"என்னண்ணே உளர்றீங்க? ஒரு ஜன்னலுக்கு ரெண்டரை லிட்டர்! அதுக்கு மேல ஒரு சொட்டு போனா, இந்த மீசையை எடுத்துடறேன்!"

"ரெண்டரைதானா?" என்றாள் தையலம்மா. "அது நான் பாத்திரம் அலம்பற தண்ணிகூட இல்லையே. அப்புறம் எதுக்குங்க ஜனங்க தவிக்குதுன்னீங்க?"

"அது வந்து..."

"சும்மா வாய்ச்சவடால்மா" என்றார் மீட்டரண்ணன். "அளந்து காட்டினா ஒத்துக்கலாம்."

தையலம்மா கத்தரிக்கோலை எடுத்துக் காற்றில் இரண்டு தரம் சரக் சரக்கென்று வெட்டிப் பார்த்தாள். "மீசைக்கு இது போதுமாண்ணே, இல்லை கோட்டுத் துணி வெட்டற பெரிசை எடுக்கட்டுமா?"

ஜன்னல்காரர் எழுந்தேவிட்டார்.

கம்புக்குத் தண்ணீர் ஏற்றும், சக்கரம் வைத்த கேனை உருட்டி வந்தார். முப்பது லிட்டர், நிறையத் தளும்பியது. பக்கவாட்டில் லிட்டருக்கு ஒரு கோடு. மீட்டரண்ணன் மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு அதன் எதிரே குந்திவிட்டார். முப்பது வருஷத்துப் பழக்கம், முகத்தில் ஒரு களை வந்தது.

"ஒழுகறதும் வீணாகாது. பேசின் வெச்சிருக்கேன், படி கழுவிக்கறேன்" என்றாள் தையலம்மா.

முதலில் தையல் மிஷின் ஜன்னல். திருகைத் திறந்து பிரஷைக் கண்ணாடியில் வைத்தார். நாலு இழுப்பு இழுத்திருப்பார்.

"ஏங்க, மேலேர்ந்து கீழே தேய்க்கணுமா, கீழேர்ந்து மேலயா?"

தொழிலைப் பற்றி யாராவது கேட்டால் ஜன்னல்காரருக்கு உலகம் மறந்துவிடும். கம்பைத் தோளில் சாய்த்துக்கொண்டு திரும்பினார். முதலில் சட்டம், அப்புறம் மூலை, அப்புறம் கண்ணாடி என்று கையை ஆட்டி ஆட்டி விளக்கினார். அவள் "ஓகோ" என்றாள். "அப்புறம்?" என்றாள். கட்டின நாளிலிருந்து அவர் பேச்சை அவள் இவ்வளவு ஆசையாகக் கேட்டதில்லை. திருகு திறந்தது திறந்தபடி இருந்தது.

"எட்டு!" என்று கத்தினார் மீட்டரண்ணன். "எட்டு லிட்டர்! எடும்மா கத்தரியை!"

"அண்ணே, அது பேச்சுல போனது! அதைக் கணக்குல சேக்கலாமா?"

"மீட்டருக்குப் பேச்சுத் தெரியாது தம்பி."

ஜன்னல்காரர் மீசையைப் பொத்திக்கொண்டார். "ஒரே ஒரு ஜன்னலை வெச்சு முடிவு கட்டறது அநியாயம். சராசரி பாருங்க!"

"பார்த்துட்டாப் போச்சு."

இரண்டாவது ஜன்னல். வாயை இறுக்கி மூடிக்கொண்டார். சரியாக இரண்டு லிட்டர். "சராசரி அஞ்சு" என்றார் மீட்டரண்ணன். மூன்றாவதில் சராசரி நாலு. கழுத்து கதறியது. கேட்கிற நிலைமையில் அவர் இல்லை. சராசரி இறங்குகிறதே! வீட்டின் பின்பக்கம் ஓடினார். அங்கே ஒவ்வொரு ஜன்னலுக்கும் கீழே ஓர் அண்டாவோ வாளியோ வாயைப் பிளந்துகொண்டு காத்திருந்தது. நல்லதாய்ப் போயிற்று என்று நினைத்தாரே தவிர, நின்று யோசிக்கவில்லை. ஆறாவது ஜன்னலில் மூன்று. ஒன்பதாவதில் தோள்பட்டை கழன்றுவிடும் போல இருந்தது. பதினொன்றாவதை முடித்துவிட்டுக் கம்பைப் பிடித்தபடியே சுவரில் சாய்ந்தார்.

"மொத்தம் இருபத்தெட்டு" என்றார் மீட்டரண்ணன். "பதினொண்ணால வகுத்தா, ரெண்டரைக்கு ஒரு மயிரிழை மேல."

"ஒரு மயிரிழைதானே அண்ணே!"

"மீசையும் மயிர்தானே தம்பி."

ஜன்னல்காரருக்கு அழுகையே வந்துவிட்டது. ஒன்றேகால் வருஷமாக இந்த வீட்டுக்கு ஏன்தான் இத்தனை ஜன்னல் வைத்தார்களோ என்று திட்டிக்கொண்டிருந்தவர், இன்னும் ஒன்றே ஒன்று இருக்கக்கூடாதா என்று சுவர் சுவராகத் தேடினார்.

"எங்க வீட்டு மாடியில ஒண்ணு இருக்கு" என்றார் மீட்டரண்ணன், நகத்தைப் பார்த்துக்கொண்டே. "உங்களுக்குச் சிரமம் இல்லேன்னா..."

"கையெடுத்துக் கும்பிடறேண்ணே, அதைக் குடுங்க!"

கேனை உருட்டிக்கொண்டு அடுத்த வீட்டுக்கு ஓடினார். கேனில் இருந்ததே இரண்டு லிட்டர்தான். மூச்சைக்கூட அளந்து விட்டார். கடைசி மூலையைத் தேய்க்கும்போது கேன் களுக் களுக்கென்று இருமி ஓய்ந்தது.

"முப்பது. பன்னண்டு ஜன்னல்" என்றார் மீட்டரண்ணன் எழுந்தபடி. "ரெண்டரை. மீசை பிழைச்சுது, போங்க."

ஜன்னல்காரர் மீசையை முறுக்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தார். மணி பன்னிரண்டரை. வாளி தோற்றது, கம்பு ஜெயித்தது. நாற்காலியில் விழுந்து கண்ணை மூடினார். மூடின இமைக்குள்ளும் வெயில் பளீரென்று குத்தியது. ஒன்றேகால் வருஷத்து அழுக்குத்தான் இத்தனை நாளும் திரையாக இருந்திருக்கிறது. தையலம்மா விளக்கை அணைத்துவிட்டு, ஒரே குத்தில் நூலைக் கோர்த்தாள்.

தூக்கம் போன இடத்தில் மெதுவாக யோசனை வந்தது. விரல் விட்டு எண்ணினார். பதினொரு ஜன்னலுக்குப் பதினொரு பாத்திரம். சரி. மீட்டரண்ணன் வீட்டு ஜன்னலுக்குக் கீழேயும் ஒரு பேசின் இருந்ததே? நீலப் பேசின். நம் வீட்டுப் பேசின்!

"ஏய், அந்தப் பன்னண்டாவதை யார் அங்கே வெச்சது?"

"நான்தான். அண்ணன் என்ன, கூலி இல்லாமலா வந்து கோடு பார்ப்பாரு?"

"அடிப்பாவி! எப்போ வெச்சே? நான் கழுவமாட்டேன்னு தீர்மானம் போட்டதே இன்னிக்குக் காலையிலதானே!"

தையலம்மா மிஷினிலிருந்து தலையைத் தூக்கவில்லை.

"நேத்து செய்தியில தண்ணிக் கட்டுப்பாடுன்னு சொன்னப்போ ஒரு சிரிப்புச் சிரிச்சீங்க பாருங்க. அப்பவே வெச்சுட்டேன்."