கடையை மூடியே பிழைத்தவர்

கோயமுத்தூரில் கடை திறந்து பெரிய மனிதர் ஆனவர்கள் தெருவுக்கு நாலு பேர் இருப்பார்கள். கடையை மூடியே குடும்பம் நடத்தியவர் எனக்குத் தெரிந்து ஒருவர்தான். பதினைந்து வருஷத்துக்கும் மேலாக, வாரத்துக்கு இரண்டு தடவை, தவறாமல், மனப்பூர்வமாக மூடினார். அவரைப்போல ஒரு கடையை மூட இனி ஒருவர் பிறந்துதான் வரவேண்டும்.

அவர் பெயர் யாருக்கும் தெரியாது. மூணுநாள்காரர் என்றால் பெரிய கடை வீதியிலிருந்து உக்கடம் வரைக்கும் வழி சொல்வார்கள்.

போன சனிக்கிழமை என் மகள் சாந்தா, ஆசிரியப் பயிற்சிப் பள்ளித் தோழிகளோடு ஆடித் தள்ளுபடிக்குப் போய்விட்டு இரண்டு மணி நேரம் தாமதமாக வந்தாள். அவளுக்கு இருபது வயது. நான் பஸ் நிறுத்தத்துக்கும் வீட்டுக்குமாக ஒன்பது தடவை நடந்தேன். "துணிக்கடைக்குத்தானே போயிருக்கா, போருக்கா போயிருக்கா?" என்றாள் என் மனைவி. துணிக்கடை என்பதால்தான் நடந்தேன் என்பது அவளுக்கும் தெரியும். அன்றிலிருந்து மூணுநாள்காரர் ஞாபகமாகவே இருக்கிறது.

ஒரு சந்து முனையில் அவருடைய ஜவுளிக்கடை. வாசலில் வெள்ளைத் துணியில் சிவப்பு எழுத்து: "கடை காலி! அசலுக்கும் கீழே! இன்னும் மூன்றே நாள்!" 'மூன்றே' என்பது மட்டும் தனித் துண்டு. நாலு ஊக்கு போட்டுக் குத்தியிருக்கும். மறுநாள் அந்த இடத்தில் 'இரண்டே' வரும். அதற்கு மறுநாள் 'ஒரே'. அன்றைக்குக் கூட்டம் நெரியும்.

மூன்றாம் நாள் மத்தியானம் அவர் நிஜமாகவே கடையை மூடுவார். பலகைக் கதவுகளை ஒவ்வொன்றாக அடைத்து, பூட்டுப் போட்டு, பூட்டுக்குக் கற்பூரம் காட்டுவார். பக்கத்துப் பலகாரக் கடைக்காரரிடம் போய்க் கைகூப்புவார். "இத்தனை நாள் ஆதரவு குடுத்தீங்க. போயிட்டு வாரேனுங்க."

முதல் தடவை பலகாரக் கடைக்காரர் கண்கலங்கிவிட்டாராம். பிற்பாடு அவர் எண்ணெய்ச் சட்டியிலிருந்து தலையைத் தூக்காமலே, "சீக்கிரம் சாப்பிட்டு வாங்க" என்பார்.

சரியாக ஒன்றரை மணி நேரம் கழித்து மூணுநாள்காரர் நெற்றியில் புதுச் சந்தனத்தோடு வருவார். மாவிலைத் தோரணம் கட்டி, வந்தவர்களுக்கெல்லாம் கற்கண்டு கொடுத்து, புதுக்கடை திறப்பார். அடுத்த நாள் காலையில் புதுக்கடையின் வாசலில் 'மூன்றே நாள்' தொங்கும்.

"இது பொய் இல்லையா?" என்று நான் ஒரு தடவை கேட்டேன். நான் உயர்நிலைப் பள்ளி வாத்தியார். கேட்காமல் இருக்க முடியாது.

அவருக்கு முகம் சிவந்துவிட்டது. "ஏனுங்க வாத்தியாரே, பொய்யின்னு சொல்லிப்போட்டீங்களே! மூடுறேன்னு எழுதினேன். மூடினேனா இல்லீங்களா?"

"மூடினீர்கள்."

"தொறக்கவே மாட்டேன்னு எங்கியாவது எழுதியிருக்குதுங்களா?"

நான் துணியை மறுபடி படித்துப் பார்த்தேன். எழுதியிருக்கவில்லை.

இதுதான் அவருடைய விசேஷம். எழுதிய சொல்லையும் சொன்ன சொல்லையும் பொய்யாக்க மாட்டார். அதற்காக உலகத்தைக் கொஞ்சம் இப்படி அப்படி வளைப்பார். சேலையில் பன்னிரண்டு ரூபாய் என்று எழுதி அடித்திருக்கும். கீழே ஒன்பது அடித்திருக்கும். அதற்கும் கீழே ஏழு. ஒரு நாள் காலையில், மசி காயாத சீட்டு ஒன்றை என் மனைவி கண்டுபிடித்துவிட்டாள்.

"அந்தச் சேலை பன்னெண்டுக்கு எப்பங்க வித்துச்சு?"

"விக்கலீங்க அம்மணி. ஆனா வெடியால ஆறு மணியில இருந்து ஏழு மணி வரைக்கும் பன்னெண்டு ரூவாயிலதான் உக்காந்திருந்துது. ஒருத்தரும் வந்து கேக்கலை. நான் என்ன பண்றதுங்க? கொறைச்சுப்போட்டேன்."

"ஆறு மணிக்கு யாருங்க கடை தொறக்கறாங்க?"

"அது சேலையோட தலையெழுத்துங்க."

சரக்கு அவருக்கு எங்கிருந்து வந்தது என்றால், உண்மையாகவே மூடுகிற கடைகளிலிருந்து. பல்லடத்திலோ பொள்ளாச்சியிலோ ஒரு வியாபாரி நொடித்துப் போனால் மூணுநாள்காரர் அடுத்த பஸ்ஸில் போய் இறங்குவார். மூட்டையைப் பிரித்துப் பார்க்க மாட்டார். மொத்தமாக ஒரு விலை சொல்லி, மாட்டு வண்டியில் ஏற்றிக்கொண்டு வந்துவிடுவார். மில்லில் கழித்துப் போட்ட துண்டுத் துணியும் வரும். பழுதுள்ள துணியில் தானே சீட்டுக் குத்துவார்: "முந்தானையில் ஓர் இழை ஓட்டம். உள்ளே மடித்துச் செருகினால் உங்களுக்கும் எனக்கும் மட்டும் தெரியும்."

ஒரு சித்திரை மாதம், ஊட்டியில் மூடிய ஒரு கடையின் சரக்கு வந்து இறங்கியது. பிரித்தால் முழுக்கக் குரங்குக் குல்லா! கோயமுத்தூரில் தார் உருகிக்கொண்டிருக்கிறது. குல்லாயைப் பார்த்தாலே வியர்த்தது. வேறு ஆளாக இருந்தால் கடையை நிஜமாகவே மூடியிருப்பார். இவர் குல்லாக்களை நடுக்கடையில் குவித்து, மேலே ஓர் அட்டை தொங்கவிட்டார்: "ஊட்டிக்குப் போகிறவர்களுக்கு மட்டும்."

அவ்வளவுதான். ஊரே ஊட்டிக்குக் கிளம்பிவிட்டது. வெயிலில் வரிசை நின்றது. ஒவ்வொருவரையும் அவர் குறுக்கு விசாரணை செய்தார்.

"எப்பங்க போறீங்க?"

"நாளைக்குங்க."

"பஸ்ஸா, ரயிலுங்களா?"

"ரெண்டுலயும்ங்க."

தொண்டாமுத்தூர் விவசாயி ஒருவர் மட்டும் நேர்மையாகச் சொன்னார். "நான் எங்கயும் போகலீங்க. மலை எங்க ஊட்டுக்குப் பின்னாலதான். மார்கழியில குளிரே எறங்கி வந்துருமுங்க."

மூணுநாள்காரர் கொஞ்ச நேரம் யோசித்தார். "ஊட்டி உங்க ஊட்டுக்கு வர்றதும் நீங்க ஊட்டிக்குப் போறதும் ஒண்ணுதானுங்க" என்று இரண்டு குல்லா கொடுத்தார். அந்த வருஷம் எங்கள் பள்ளி வாசல் காவல்காரர் அக்கினி நட்சத்திரத்தில் குல்லா போட்டுக்கொண்டு மணி அடித்தார்.

குவியல்தான் அவருடைய பெரிய கண்டுபிடிப்பு. அலமாரியில் அழகாக மடித்து ஆறு மாதம் கிடந்த சேலையை எடுப்பார். உதறிக் கசக்கி, தரையில் விரித்த பவானி ஜமக்காளத்தின் மேல் போடுவார். மத்தியானத்துக்குள் அதற்கு நாலு பேர் சண்டை போடுவார்கள். "அடுக்கி வெச்சா வெறும் துணிங்க. குமிச்சு வெச்சாத்தான் சலுகை" என்பார். இன்னொரு ரகசியத்தையும் எனக்குச் சொல்லியிருந்தார். ஒவ்வொரு குவியலுக்கும் அடியில் ஒரே ஒரு நல்ல சேலை வைப்பாராம். பழுதில்லாதது, கரை போட்டது. "அடியில ஒண்ணு நல்லது இருக்குதுன்னு மனுசனுக்கு ஒரு நம்பிக்கை வேணுமில்லீங்களா?"

இந்த ரகசியத்தை நான் வீட்டில் சாப்பிடும்போது சொன்னேன். என் மனைவி கேட்டாள். ஐந்து வயது சாந்தாவும் கேட்டுக்கொண்டிருந்தாள் என்பதை நான் கவனிக்கவில்லை.

அந்தத் தீபாவளிக்கு மூன்று நாள் இருந்தது. அன்று காலையில்தான் 'மூன்றே' துண்டை ஊக்கு போட்டிருந்தார். உள்ளே குவியல் இடுப்பு உயரம். சுற்றிலும் ஐம்பது பெண்கள், ஏழெட்டு ஆண்கள். என் மனைவி ஜாக்கெட் துணிப் பக்கம் போய்விட்டாள். சாந்தாவைப் பிடித்துக்கொள்ளும் வேலை எனக்கு.

பிடித்துக்கொண்டுதான் இருந்தேன். இடக்கையில் குழந்தை, வலக்கையில் ஒரு பச்சைச் சேலை. சேலையின் மறு முனை பல்லடத்திலிருந்து வந்த ஒரு பருமனான அம்மாளிடம் இருந்தது. அவர் இழுத்தார். நான் இழுத்தேன். அவர் இரண்டு கையாலும் இழுத்தார். எனக்கும் இரண்டாவது கை தேவைப்பட்டது.

அதற்காக நான் எதை விட்டேன் என்பதை எழுதும்போது இன்றைக்கும் பேனா நிற்கிறது.

அரை நிமிஷம் இருக்கும். திரும்பிப் பார்த்தால் குழந்தை இல்லை. வாசலில் இல்லை. மனைவியிடம் இல்லை. "சாந்தா! சாந்தா!" என்று கத்தினேன். அந்த இரைச்சலில் என் குரல் எனக்கே கேட்கவில்லை. குவியல் மேலிருந்து சரிந்துகொண்டே இருந்தது. சரிந்ததன் மேல் ஆட்கள் முழங்கால் போட்டுத் தேடிக்கொண்டிருந்தார்கள். அதற்கு அடியில் இருந்தால்?

முக்காலியில் நின்றிருந்த மூணுநாள்காரர் என் முகத்தைப் பார்த்தார். ஒரே பார்வையில் புரிந்துகொண்டார்.

"கொழந்தையைக் காணோமுங்க! எல்லாரும் துணிய உட்டுட்டு வெளிய போங்க!" என்று கையைத் தட்டினார்.

"அய்யோ, பாவமே!" என்றார்கள் ஐம்பது பேரும். ஒருவரும் சேலையை விடவில்லை.

"வெளிய போங்கன்னு சொல்றேனுங்க!"

"மூடப் போறீங்களாக்கும்?" என்றார் பல்லடத்து அம்மாள். "ஒன்றரை மணி நேரம்தானுங்களே? நாங்க உள்ளயே உக்காந்துக்கறோம்."

மூணுநாள்காரர் ஒரு கணம் கண்ணை மூடினார். பிறகு, அந்தச் சந்தே அதிரும்படி, அவர் வாயிலிருந்து அதுவரை யாரும் கேட்டிராத வார்த்தையைச் சொன்னார்.

"வெலை ஏறிப்போச்சு! இந்த நிமிசத்துல இருந்து எல்லாச் சேலையும் ரெட்டை வெலை!"

ஐம்பது ஜோடிக் கைகள் ஒரே நேரத்தில் விரிந்தன. பல்லடத்து அம்மாள் பச்சைச் சேலையைச் சுட்ட அப்பளம்போலக் கீழே போட்டார். "இதை மொதல்லயே சொல்றதுக்கென்னங்க?" என்று முறைத்துக்கொண்டே வெளியே போனார். ஒரு நிமிஷத்தில் ஜமக்காளத்தைச் சுற்றி நானும் என் மனைவியும் அவரும் மட்டுமே இருந்தோம். மூன்று பேரும் நாய் மண்ணைப் பறிப்பதுபோலத் துணியைப் பறித்தோம். சுவரோரம், அடியில், ஒரு கண்ணாடி வளையல் தெரிந்தது.

இழுத்து வெளியே எடுத்தபோது சாந்தா வியர்வையில் நனைந்து, மூச்சு வாங்கிக்கொண்டு, முகமெல்லாம் சிவந்திருந்தாள். அழக்கூட இல்லை. மார்போடு ஓர் அரக்குச் சேலையை அணைத்துக்கொண்டிருந்தாள். மஞ்சள் கரை, ஒரு பழுது இல்லை.

"அப்பா, அடியில இருந்த நல்ல சேலை. நான்தான் எடுத்தேன்."

என் மனைவி அவளை அள்ளிக்கொண்டு அழுதாள். நான் தரையில் உட்கார்ந்துவிட்டேன். மூணுநாள்காரர் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்று ஊக்குகளை எண்ணிக்கொண்டிருந்தார். வெகு நேரம் எண்ணினார்.

அந்தச் சேலையை நாங்கள் வாங்கினோம். ரெட்டை விலை. "அவசரத்துக்குச் சொன்னதுதானே, இனிமேல் பழைய விலைக்கே விற்கலாமே" என்றேன்.

"சொல்லிப்போட்டேனுங்களே, வாத்தியாரே."

"சரி, இப்போதே ஒரு தடவை மூடித் திறந்துவிடுங்கள். புதுக்கடை, புது விலை."

"வாசல்ல மூணு நாளுன்னு இருக்குதுங்க. அதுக்கு முன்னால மூடினா அது பொய்யாப் போயிருமுங்க."

பிறகு உள்ளே போய், அடுத்த திறப்பு விழாவுக்கு வைத்திருந்த கற்கண்டுப் பொட்டலத்தை முழுதாக எடுத்துவந்து சாந்தாவின் கையில் வைத்தார். "ரெட்டை வெலை சேலைக்குத்தான் சொன்னேன். கற்கண்டைப் பத்தி நான் ஒண்ணும் சொல்லலை. சாப்புடு கண்ணு."

தீபாவளி வரைக்கும் மூன்று நாளும் அவர் கடையில் ரெட்டை விலைதான். ஊரெல்லாம் சேலை விற்றது. அவர் முக்காலியில் தனியாக உட்கார்ந்து தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு வருஷத்துச் சரக்கு அப்படியே நின்றது. அதைப் பற்றி ஒரு தடவைகூட எங்களிடம் பேசியதில்லை.

அதற்குப் பிறகு குவியல் தரையிலிருந்து மேசைக்கு ஏறியது. வாசல் துணியில் இன்னொரு வரி சேர்ந்தது: "அவரவர் குழந்தைகளை எண்ணிக்கொள்ளவும்." கால் மணிக்கு ஒரு தரம் மணியடித்து, எல்லோரும் எண்ணி முடிக்கும் வரை வியாபாரத்தை நிறுத்திவைப்பார்.

"எனக்குக் கல்யாணமே ஆகலீங்க" என்று ஒருவர் முறையிட்டார்.

"பரவாயில்லீங்க. பொதுவா ஒருதடவை குனிஞ்சு பாருங்க."

போன வருஷம் ஒரு நாள் அந்தப் பக்கம் போனபோது பலகைக் கதவு அடைத்திருந்தது. வாசலில் துணி இல்லை. 'மூன்றே'யும் இல்லை, 'ஒரே'யும் இல்லை. பலகாரக் கடைக்காரரிடம் கேட்டேன்.

"போன வாரம் மூடினாருங்க. எனக்கு வேலை மும்முரம், எப்பவும்போல 'சீக்கிரம் சாப்பிட்டு வாங்க'ன்னேன். கையெடுத்துக் கும்பிட்டாரு. ஆனா இந்தத் தடவை 'போயிட்டு வாரேன்'னு சொல்லலீங்க. அது எனக்கு ராத்திரி படுத்தப்புறம்தான் உறைச்சுது." எண்ணெய்ச் சட்டியை இறக்கி வைத்துவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். எந்த ஊருக்குப் போனார் என்று அவருக்கும் தெரியவில்லை.

நேற்று சாந்தாவை அந்தச் சந்துக்கு அழைத்துப் போனேன். அரக்குச் சேலை இப்போது அவளுடையது, அதைத்தான் கட்டியிருந்தாள். பூட்டிய பலகைகளைப் பார்த்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றோம்.

"பூட்டித்தானே கெடக்குது, போலாமாப்பா?" என்றாள்.

"இரு கண்ணு," என்றேன். "இன்னும் ஒன்றரை மணி நேரம் ஆகலையே."