தோளில் ஏறிய காற்று

சாகப்போகிறோம் என்று தீர்மானித்தவன் முதலில் வாயை மூடிக்கொள்ள வேண்டும். சாவு மனசு மாறித் திரும்பிப் போய்விடலாம். சொன்ன சொல் போகாது.

என் கணையத்தில் ஒரு நீர்க்கட்டி குடியேறியிருந்தது. வயிற்றைக் கிழிக்க வேண்டாம், சின்னச் சின்னத் துளை வழியாக உள்ளே போய், கட்டியிலிருந்து இரைப்பைக்கு ஒரு வழி வெட்டிவிட்டால் நீர் தானாக வடிந்துவிடும் என்றார் ஓசூர் டாக்டர். கம்பெனியில் நாள் முழுக்க இரும்பில் துளை போடுகிறவன் நான். "துளைதானே சார்? என் மிஷின்ல டீ குடிக்கிற நேரம்" என்றேன். (இந்த வீரம் மயக்க ஊசி வரைக்கும்தான்.)

ஆபரேஷன் முடிந்த மறுநாள் காலை. ஜன்னலில் வெயில், கம்பெனி பஸ்கள், தூரத்து மலை. உலகம் அநியாயத்துக்கு அழகாக இருந்தது. அப்போது வலது தோளில் சுருக்கென்று ஒரு குத்து. வயிற்றில் துளை போட்டால் தோள் ஏன் வலிக்கிறது? நெஞ்சுவலியேதான்! முடிந்தது கதை.

ஷிஃப்ட் முடிந்தால் கவிதை எழுதுகிறவன் நான்; சும்மா சாக முடியுமா? மனைவியின் கையைப் பிடித்தேன். "செல்வி, உன் சிரிப்பு பாரூர் ஏரியின் மதகு திறந்த சத்தம்..."

"ஏங்க, மெதுவா. பக்கத்து பெட்டுல தூங்கறாங்க."

எங்கே தூங்கினார்கள்? வார்டே எழுந்து உட்கார்ந்திருந்தது. கூட்டத்தைப் பார்த்ததும் எனக்குக் குரல் ஏறியது. மத்தூரிலிருந்து வந்திருந்த மச்சினன் முருகேசனை அழைத்தேன். "மாப்ள, என் பைக் இனி உன்னுது." மழையில் நான் நனைந்தாலும் அதை நனையவிடாமல் வைத்திருந்த பைக். பக்கத்துக் கட்டில் அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

நர்ஸ் வந்தார். "ஏனில்ல சார், ஒண்ணுமில்ல, வெறும் கேஸு! ஆபரேஷனுக்காக வயித்துல ஊதின காத்து. மிச்சம் இருந்தா தோள்ல குத்தும். எந்திரிச்சு நடங்க."

நடந்தேன். வலி மெல்ல விட்டது. திரும்பினால் முருகேசன், கையில் பைக் சாவி.

"மாப்ள, அது... சாகறேன்னு நெனச்சு..."

"இத்தன பேர் சாட்சி மாமா."

"பேச்சு மாறாதப்பா" என்றார் கண்ணைத் துடைத்த அதே அம்மா.

கட்டி திரும்பி வரவில்லை. பைக்கும்தான். ஞாயிறுதோறும் முருகேசன் அதில் கோழிக்கறியோடு வருகிறான். எண்ணெய் குறைத்து வைத்த குழம்பை நிம்மதியாகச் சாப்பிடுகிறேன். மதகு வரியை இன்னொரு தரம் சொல்லச் சொல்கிறாள் செல்வி. (தோள் வலிக்காமல் எனக்கு வருவதில்லை.) ஆனால் லேசாகத் தலைவலி என்று முனகினால் போதும், போனை எடுத்துவிடுவாள்:

"டேய் முருகேசா, மாமாவுக்கு என்னமோ பண்ணுதாம். சீக்கிரம் வா, வீடு இன்னும் பாக்கி இருக்கு!"