ரஞ்சன் போட்ட சிடியைத் தடை செய்வது சம்பந்தமாக

மல்காஜ்கிரி,
ஆகஸ்ட் 2011

மரியாதைக்குரிய மச்சான் பக்தவத்சலம் அவர்களுக்கு, ஜம்புநாதன் வணக்கத்துடன் எழுதுவது. இங்கே நானும் உங்கள் மருமகன் ரஞ்சனும் உயிரோடு இருக்கிறோம். நலம் என்று எழுதக் கை வரவில்லை. திருச்சியில் அக்காவுக்கு மூட்டுவலி தேவலையா?

கம்ப்யூட்டர் கம்பெனி ஆட்குறைப்பில் வேலை போனபிறகு ரஞ்சன் மேடையேறித் தனியாளாகப் பேசிச் சிரிக்கவைக்கிறான் என்று சொல்லியிருந்தேன் இல்லையா, அதை இப்போது சிடியாகவே போட்டுவிட்டான். பாதி இங்கிலீஷ், பாதி ஹிந்தி. 'ஆல்டர்நேட்டிவ் காமெடிப்பா' என்கிறான். அதாவது மற்றவர்கள் அழுகிற இடத்தில் சிரிப்பதாம். அதற்கு யாரைப் பிடித்தான் தெரியுமா? உங்கள் தங்கையை. போன வருஷம் ஆஸ்பத்திரியில் கல்பகம் கண்ணை மூடினதும் டாக்டர் வெளியே வந்து, 'மேடம் போயாரண்டி' என்று தெலுங்கில் சொன்னார். நான், 'எங்க போனா? செருப்பு இங்கதான கிடக்கு?' என்று கேட்டேன். புத்தி அப்போது அவ்வளவுதான் வேலை செய்தது. அதை என் குரலிலேயே பேசிக் காட்டுகிறான், மச்சான். ஹால் நிறைய ஜனம் கைதட்டுது. இப்ப நான் பால் வாங்கப் போனா, அபார்ட்மெண்ட் பொடிசுங்க மாடியிலேர்ந்து, 'அங்கிள், சப்பல் இதரிச் ஹை!'ன்னு, அதான் செருப்பு இங்கதான் இருக்குன்னு, கத்துதுங்க. ரஞ்சனைக் கூப்பிட்டு வச்சு, 'பெத்தவ செத்தது உனக்கு வேடிக்கையாடா?'ன்னு கேட்டேன். 'வீட்ல அழ விட்டியாப்பா? காரியம் முடிஞ்ச அன்னைக்கே அவ பேரை எடுக்காதேன்னுட்டே. மேடையிலதான் அம்மாவைப் பத்திப் பேச முடியுது'ங்கறான். கைதான் வந்துச்சு. ஒரு அறை விட்டேன். பையை எடுத்துக்கிட்டு சிநேகிதன் ரூமுக்குப் போயிட்டான்.

ஆகவே தாங்கள் வக்கீலோடு உடனே புறப்பட்டு வரவும். சிடியைத் தடை செய்யணும். அம்மாவுக்குத் திதியும் அவன் கொடுக்கக் கூடாது. மேடையேறுவது பையனைக் கெடுத்துவிடும் என்று நீங்கள் முன்பே எழுதினது சரிதான்.

குலதெய்வம் உங்கள் குடும்பத்தைக் காக்கட்டும். யாரும் சிரிக்காத தெருவில் நீடூழி வாழ்க.

இப்படிக்கு,
ஜம்புநாதன்

பி.கு: வக்கீல் வேண்டாம். ஆதாரம் வேணுமேன்னு சிடியை முழுசாக் கேட்டேன். கடைசியில கல்பகம் ஆட்டோக்காரன்கிட்ட தெரியாத ஹிந்தியில சண்டை போடுறா: 'நக்கோ! நக்கோன்னா நக்கோதான்!' வேணாம்னா வேணாம்தானாம். ரஞ்சன் பேசினதுதான், ஆனா அவ குரல், மச்சான். சிரிச்சிட்டேன். அப்புறம் அழுதேன், ஒரு வருஷத்துக்கும் சேர்த்து. போய் அவனைக் கூட்டிட்டு வந்துட்டேன். அடுத்த சிடிக்கு விஷயம் பத்தலைங்கறான். நீங்க இங்க வந்தப்போ கம்பெனி பஸ்ஸைக் கல்யாண பஸ்ஸுன்னு நினைச்சு ஏறி, பட்டு வேட்டியோட ராமச்சந்திராபுரம் ஃபாக்டரி கேட்டுல நின்னு சந்தனம் கேட்டதைச் சொல்லிக் கொடுத்திருக்கேன். கோவிச்சுக்காதீங்க.