அங்கீகரிக்கப்பட்ட மஞ்சள்

சட்டை என்பது உடம்பை மூடுவதற்காக என்று நினைத்துக்கொண்டிருப்பவர்கள் எங்கள் கழகத்தில் வேலை பார்த்தவர்களாக இருக்க முடியாது. தென்சமவெளி அஞ்சல் விநியோகக் கழகத்தின் சீருடை விதித்தொகுப்பு முதல் பத்தியிலேயே இதைத் தெளிவுபடுத்திவிடுகிறது: சட்டை என்பது நிறத்தை ஏந்திச் செல்லும் துணி. அதற்குள் ஓர் ஆள் இருப்பார் என்கிற விஷயம் ஐந்தாம் பாகத்தில், அடிக்குறிப்பாக வருகிறது.

அந்த நிறம் மஞ்சள். கடையில் கிடைக்கிற மஞ்சள் இல்லை, பதினேழாம் எண் மஞ்சள். எதிரே வரும் லாரிக்காரர் அரை கிலோமீட்டருக்கு முன்பே பார்த்துவிட வேண்டும் என்பதற்காக ஒரு நிபுணர் குழு இரண்டு வருஷம் உட்கார்ந்து தேர்ந்தெடுத்தது. பதினாறைப் பார்த்தால் லாரிக்காரர்கள் வாழைப்பழம் என்று நினைத்துவிடுகிறார்களாம், பதினெட்டு அவர்களுக்குத் தூக்கம் வரவழைக்கிறதாம்.

நான் கோஸ்டா. கூரில்லா ஊர்க் கிளையில் கடிதங்களைத் தெருவாரியாகப் பிரித்துக் கொடுக்கும் குமாஸ்தா. நான் பிரித்துக் கொடுப்பதை ஐந்து பேர் சின்ன பைக்குகளில் ஏற்றிக்கொண்டு வீடு வீடாகக் கொண்டுபோய்ப் போடுவார்கள். ஐந்து பேரில் மூத்தவர் ரோண்டா டிப்பெட். வயது ஐம்பத்தேழு, பைக்கில் இருபத்திரண்டு வருஷம். ஊரில் எந்த நாய் கடிக்கும், எந்த நாய் கடிப்பதாக பாவனை மட்டும் செய்யும் என்பதெல்லாம் அவருக்கு அத்துப்படி.

பூமத்திய ரேகைக்குத் தெற்கே இருப்பதால் எங்களுக்கு ஜனவரிதான் உச்சக் கோடை, ஜூலை குளிர்காலம். கூரில்லாவில் ஜனவரி என்றால் நாற்பத்து நாலு டிகிரி. பைக்கில் போனால் காற்று அடிக்கும், குளுகுளுவென்று இருக்கும் என்று கடற்கரை ஊர்க்காரர்கள் நினைத்துக்கொள்வார்கள். நாற்பத்து நாலில் அடிப்பது அடுப்புக் கதவைத் திறந்தால் முகத்தில் அடிக்கிற காற்று. வேகமாகப் போனால் வேகமாக வேகலாம், அவ்வளவுதான் வித்தியாசம்.

இதற்கு எங்கள் ஆட்கள் தொன்றுதொட்டுச் செய்துவந்த வைத்தியம் ஒன்று உண்டு. கிளைக்குப் பின்னால் இருக்கும் குழாயில் சட்டையை முக்கியெடுத்து, பிழியாமல் அப்படியே போட்டுக்கொண்டு கிளம்புவார்கள். காற்று பட்டு ஈரம் காயக் காய உடம்பு குளிரும். காய்ந்ததும் அடுத்த குழாய். ரோண்டாக்காவின் சுற்றில் மாதா கோயில் குழாய், மதுக்கடை குழாய், பள்ளிக்கூடக் குழாய் என்று எட்டுக் குழாய்கள். கடிதம் போடுவதற்காகக் குழாய்க்குப் போகிறாரா, குழாய்க்காகக் கடிதம் போடுகிறாரா என்று நாங்கள் கிண்டல் செய்வோம்.

கழகமும் சும்மா இருந்துவிடவில்லை. வெயில் பற்றிப் புகார் போனபோது ஆளுக்கொரு பென்குயின் ஸ்டிக்கர் அனுப்பிவைத்தது. ஹெல்மெட்டின் உட்புறம் நெற்றிக்கு நேரே ஒட்டிக்கொள்ளவும், வெப்ப உணர்வு தோன்றுகையில் பென்குயினை நினைத்துக்கொள்ளவும் என்று சுற்றறிக்கை. டாரில் என்கிற எங்கள் ஆள் விதிப்படி ஒட்டிக்கொண்டார். ஸ்டிக்கர் உருகி நெற்றிக்கு மாறிவிட்டது. மூன்று நாள் பென்குயினோடு ஊரைச் சுற்றினார்.

அந்த ஜனவரியில்தான் சீருடை ஒழுங்குப் பிரிவு அதிகாரி நெவில் பாம்ஃப்ரே ஏசி காரில் வந்து இறங்கினார். கழுத்தில் ஒரு பேட்டரி விசிறி. அந்த வருஷம் தலைமை அலுவலகத்தில் எல்லோரும் கழுத்தில் விசிறி மாட்டிக்கொண்டிருந்தார்கள், அது இல்லாதவருக்குப் பதவி உயர்வு இல்லை என்று பேச்சு. விசிறி ஓடியதால் அவர் பேசியதெல்லாம் நடுங்கி நடுங்கி வந்தது. பையிலிருந்து நிற அட்டையை எடுத்து, குழாயடியிலிருந்து சொட்டச் சொட்ட வந்த ரோண்டாக்காவின் தோளில் வைத்துப் பார்த்தார்.

"இது பதினேழு இல்ல. இருபத்திரண்டு. கடுகு மஞ்சள்."

"நனைஞ்சா அப்படித்தான் ஆகும் தம்பி. காஞ்சா பதினேழுக்கு வந்துரும்."

"எப்ப காயும்?"

"காயக் கூடாதுன்னுதானே நனைக்கிறேன்."

நெவில் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டார்: பணியாளர் குற்றத்தை ஒப்புக்கொண்டார், மீண்டும் செய்யும் உறுதியான நோக்கமும் அவருக்கு உண்டு. பிறகு இது ரோண்டாக்காவின் உயிர்ப் பாதுகாப்புக்காகத்தான் என்று பொறுமையாக விளக்கினார். கடுகு மஞ்சளைக் கண்டால் லாரிக்காரர் குழம்பிப்போவாராம். லாரிக்காரருக்குத் தான் தெரிந்தால் போதாதா, தன் சட்டை நிறத்தின் நம்பரும் தெரிய வேண்டுமா என்று ரோண்டாக்கா கேட்டார். அந்தக் கேள்விக்குத் தனிப் படிவம் இருப்பதாக நெவில் சொன்னார்.

முதல் எச்சரிக்கை அன்றைக்கு. அடுத்த வாரம் இரண்டாவது. மூன்றாவது எச்சரிக்கை வந்தால் பைக் சாவியை ஒப்படைத்துவிட்டு, அலுவலகத்துக்குள் உட்கார்ந்து தபால்தலை ஒட்ட வேண்டும். ரோண்டாக்காவுக்கு அதைவிடச் செத்துப்போவது மேல். அந்தச் சாவி அவர் இடுப்பு வளையத்திலேயே தொங்கும். ஞாயிற்றுக்கிழமைகளில்கூட அதைக் கழற்றியதில்லை என்று அவர் வீட்டுக்காரர் என்னிடம் குறைப்பட்டிருக்கிறார்.

அதனால் சட்டையை நனைக்காமல் ஓட்டினார். முதல் நாள் தாக்குப்பிடித்தார். இரண்டாம் நாள், எட்டாம் நம்பர் வீட்டுக் கடிதப் பெட்டியிடம் பத்து நிமிஷம் நின்று சௌக்கியம் விசாரித்திருக்கிறார். அது பதில் சொல்லவில்லை என்று கோபித்துக்கொண்டும் இருக்கிறார். அந்த வீட்டில் இருந்தவர்கள் நிழலில் உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்து, எங்களுக்கு போன் செய்தார்கள். கிளையில் எல்லோரும் சிரித்தோம். எனக்கு உள்ளுக்குள் பயமாக இருந்தது. இன்னொரு தடவை அது கடிதப் பெட்டியோடு முடியாது.

அன்று மத்தியானமே நான் மனு எழுத உட்கார்ந்தேன். கூரில்லாவில் மனு எழுதத் தெரிந்தவன் நான் ஒருவன்தான் என்று எனக்கு ஓர் எண்ணம். குற்றம் ஈரத்தில் இல்லை, நிறத்தில்தான் இருக்கிறது என்று கண்டுபிடித்தேன். ஆகவே, "சட்டையானது நனைந்த நிலையில் பதினேழாம் எண் மஞ்சளாக விளங்குமாறு ஆவன செய்தருள வேண்டுகிறோம்" என்று முடித்தேன். எழுதியதை நானே மூன்று தடவை படித்துப் பார்த்துக்கொண்டேன், அவ்வளவு அழகாக இருந்தது.

ரோண்டாக்காவுக்கு மட்டும் சந்தேகம். "ஏன்டா கோஸ்டா, சட்டைய நனைச்சுக்கிறோம், விட்ருங்கன்னு ஒரு வரி எழுதினா போதாதா?"

"அப்படி நேரா கேட்டா அவங்களுக்குப் புரியாதுக்கா."

ஆறு பேரும் கையெழுத்துப் போட்டோம். யாரும் எதிர்பாராத விதமாகக் கழகம் மனுவை ஏற்றுக்கொண்டது. மூன்றே வாரத்தில் புதுச் சட்டைகள் வந்து இறங்கின. வெளிறிப்போன பன்னிரண்டாம் எண் மஞ்சள். தண்ணீரில் முக்கியெடுத்தால் அச்சாகப் பதினேழு. டாரில் கேக் வாங்கி வந்தார். எனக்குத்தான் முதல் துண்டு. ரோண்டாக்கா என் தலையைத் தட்டிக்கொடுத்துவிட்டு, சொட்டச் சொட்டக் கிளம்பிப் போனார்.

புதுச் சட்டை எப்படி வேலை செய்கிறது என்று பார்க்க நெவில் மறுபடி வந்து, ரோண்டாக்காவின் பைக்குக்குப் பின்னாலேயே காரில் போனார். கிளை வாசலில் பதினேழு. பேக்கரி தாண்டும்போது பதினைந்து. மாதா கோயில் குழாய்க்கு முன்னால் பார்த்தால் பன்னிரண்டு. வெயில் நாற்பதைத் தாண்டினால் சட்டை ஈரமாக நிற்பதில்லை என்று அவர் அறிக்கை அனுப்பினார். அதன் பேரில் மார்ச் கடைசியில் ஒரு திருத்தம் வந்தது. அதாவது, பணியாளர்கள் வெப்பத்தில் படும் துயரைக் கனிவுடன் பரிசீலித்து, நாற்பது டிகிரிக்கு மேற்பட்ட நாட்களில் மட்டும் பழைய சட்டையைக் காய்ந்த நிலையில் அணிந்துகொள்ளக் கழகம் சலுகை அளிக்கிறது. மற்ற நாட்களில் புதுச் சட்டை.

மார்ச் கடைசியில் நாற்பது டிகிரியைப் பற்றி யார் கவலைப்படுவார்கள்? வெயில் இறங்கிவிட்டிருந்தது. படித்துப் பார்த்ததாகக் கையெழுத்துப் போட்டு அனுப்பிவிட்டோம்.

ஜூலை வந்தது. காலையில் புல்லெல்லாம் உறைபனி. ரோண்டாக்கா புதுச் சட்டையைக் காயவைத்துப் போட்டுக்கொண்டு, கைகளைத் தேய்த்தபடி சாவியை எடுக்கும் நேரம் பார்த்து நெவில் உள்ளே வந்தார். கழுத்தில் இப்போது விசிறி இல்லை, பேட்டரியில் சூடாகும் பட்டை. தலைமை அலுவலகத்தில் குளிர்காலத்துக்கு அதுதான் நாகரிகம்.

"சட்டை காஞ்சிருக்கே."

"குளிர்காலம் தம்பி. வெளிய ஒரு டிகிரி."

"டிகிரி என் பிரிவு இல்லீங்க. எனக்கு நிறம்தான். இது பன்னிரண்டு."

"அப்ப நனைக்கணுமா?"

"நீங்கதானே மனுப் போட்டுக் கேட்டீங்க? எல்லாருமா கையெழுத்துப் போட்டு."

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான் கடிதங்களைப் பிரித்துக்கொண்டிருந்தேன். மேலே கோட்டு போட்டுக்கொள்கிறேனே, சட்டை யாருக்குத் தெரியப்போகிறது என்று ரோண்டாக்கா கேட்டார். கழகம் அதையும் யோசித்திருந்தது. கோட்டுக்கு அடியில் நிறம் மறையக் கூடாது என்பதற்காக, அந்த வருஷம் எங்களுக்குக் கொடுத்த கோட்டு கண்ணாடிபோல உள்ளே இருப்பதை அப்படியே காட்டும் பிளாஸ்டிக்.

ரோண்டாக்கா குழாயடிக்குப் போனார். குழாய் வாயில் பனிக்கட்டி அடைத்திருந்தது. அதைச் செருப்பால் தட்டிவிட்டுச் சட்டையை முக்கிப் போட்டுக்கொண்டு வந்தார். உதடு நீலம் பாரித்திருந்தது. நெவில் அட்டையை வைத்துப் பார்த்தார். அச்சாகப் பதினேழு. தன் பணிக்காலத்தில் இவ்வளவு துல்லியமான மஞ்சளைப் பார்த்ததில்லை என்று மனப்பூர்வமாகப் பாராட்டினார். ஆய்வு முடிந்ததற்கு அடையாளமாகப் பதிவேட்டில் கையெழுத்துப் போடச் சொன்னார்.

ரோண்டாக்கா போட்டார். கை வெடவெடவென்று ஆடியது. நெவில் அதைக் கோப்பில் இருந்த பழைய கையெழுத்தோடு ஒப்பிட்டார். முகம் மாறியது.

"பொருந்தலையே. இது ரோண்டா டிப்பெட் கையெழுத்து மாதிரி இல்ல."

"நான்தான் ரோண்டா டிப்பெட்."

"எல்லாரும் அப்படித்தான் சொல்வாங்க."

ஆள்மாறாட்ட சந்தேகம் என்று எழுதினார். மூன்றாவது எச்சரிக்கை. இருபத்திரண்டு வருஷமாக இடுப்பில் தொங்கிய சாவியை ரோண்டாக்கா கழற்ற முயன்றார், விரல் விறைத்திருந்ததால் முடியவில்லை. கடைசியில் டாரில்தான் கழற்றி மேஜைமேல் வைத்தார். ரோண்டாக்கா நெவிலை விட்டுவிட்டு நேரே என்னிடம் வந்தார்.

"கோஸ்டா, மனு எழுது. ஆனா இந்த வாட்டி நான் சொல்றத மட்டும் எழுது. 'குளிருது.' அவ்வளவுதான். அதுக்கு மேல ஒரு எழுத்து எழுதின, கைய ஒடிச்சிருவேன்."

எழுதினேன். குளிருது. வெறும் ஒரே வார்த்தை, பெரிய வெள்ளைத் தாளில் அநாதையாகக் கிடந்தது. இதைப் பார்த்துத் தலைமை அலுவலகம் நம்மை என்ன நினைக்கும்? ரோண்டாக்கா அந்தப் பக்கம் போனதும் அதை எடுத்து வைத்துவிட்டு, நான்கு பக்கத்தில் முறையாக எழுதினேன். குற்றம் குளிரில் இல்லை, கையெழுத்தில்தான் இருக்கிறது. ஆகவே, "நடுங்கிய நிலையில் இடப்படும் கையெழுத்தானது கோப்பில் உள்ள மாதிரியுடன் பொருந்துமாறு ஆவன செய்தருள வேண்டுகிறோம்."

பத்தே நாளில் உத்தரவு வந்தது. சாவி திரும்பக் கிடைத்தது. ரோண்டாக்கா அதை இடுப்பில் மாட்டிக்கொண்டு, என் கன்னத்தைக் கிள்ளிவிட்டுப் போனார். நான் உத்தரவின் மீதிப் பகுதியை அப்புறம் சொல்லிக்கொள்ளலாம் என்று இருந்துவிட்டேன். கூரில்லா கிளைப் பணியாளர் அனைவரும் நடுங்கிய நிலையில் புது மாதிரிக் கையெழுத்து வழங்க வேண்டும், இனி இடும் ஒவ்வொரு கையெழுத்தும் அதற்கு இம்மியும் பிசகக் கூடாது என்பதுதான் அந்த மீதி. ஜூலையில் அது ஒன்றும் கஷ்டமாக இல்லை. வரிசையில் நின்று நடுங்கினோம், போட்டோம்.

ஜனவரி வந்தது. நாற்பத்தாறு டிகிரி. மார்ச் சலுகையின்படி ரோண்டாக்கா பழைய சட்டையை நனைக்காமல் போட்டுக்கொண்டு நின்றார். சாவி எடுக்குமுன் பதிவேட்டில் கையெழுத்து. அதைச் சரிபார்க்க நெவில் மாதம் முழுக்க எங்கள் கிளையிலேயே இருந்தார். வேர்வை தாளில் சொட்டியது, கை மட்டும் ஆடாமல் நின்றது.

"நடுக்கம் போதலீங்க," என்றார் நெவில்.

டாரில் எப்படி நடுங்குவது என்று செய்து காட்டினார். நானும் காட்டினேன். வாசலில் ஆட்கள் கடிதம் கேட்டு நின்றுகொண்டிருக்க, கிளை முழுவதும் முழங்கையை ஆட்டிப் பழகியது. பதினொரு மணிக்குத்தான் கையெழுத்து பொருந்தி, ரோண்டாக்கா அந்த வெயிலில் கிளம்பினார். தினமும் இதேதான்.

மாதக் கடைசியில் தலைமை அலுவலகத்திலிருந்து ஒரு கடிதம். கூரில்லா கிளையின் ஜனவரி மாதப் பதிவேட்டைப் பரிசீலித்ததில், பணியாளர் அனைவரின் கையெழுத்தும் நடுங்கியிருப்பதால், அங்கு குளிர் மிகுதி என்று ஐயமறத் தெரிய வருகிறது. ஆகவே அவ்வூரிலிருந்து வெப்பம் குறித்து வந்துள்ள புகார்கள் யாவும் முடித்துவைக்கப்படுகின்றன. பெற்றுக்கொண்டதற்கு அனைவரும் கையொப்பமிட்டு அனுப்பவும்.

வாசித்து முடித்தோம். ஒவ்வொருவராக வந்து கையெழுத்துப் போட்டோம். நெவில் கோப்பில் இருந்த மாதிரியோடு ஒப்பிட்டுப் பார்த்தார். முதல் தடவையிலேயே ஆறும் அச்சாகப் பொருந்தின, கோபத்தில் யாரும் நடுக்கத்தை நடிக்க வேண்டியிருக்கவில்லை. கடைசியாகப் போட்டவர் ரோண்டாக்கா. போட்டுவிட்டு அவர் நான் மனு எழுதும் பேனாவைத் திருப்பித் தரவில்லை.