மெல்பர்ன் மகளுக்கு ஆறு போத்தல்

"பேரப்பிள்ளைக்கா அங்கிள்?" என்று கடைப்பெண் கேட்டபோது ஜெயந்திரன் இல்லை என்று சொல்லியிருக்கலாம். ஆமாம் என்று தலையாட்டிவிட்டார்.

ஐம்பத்து நாலு வயது. தலையில் பேருக்குக்கூட ஒரு கறுப்பு முடி கிடையாது. அந்தக் கோலத்தில் நின்றுகொண்டு, பிறக்கப் போவது தன் பிள்ளைதான் என்று முன்பின் தெரியாத பெண்ணிடம் சொல்ல நாக்கு எழவில்லை.

கல்யாணமாகி இருபத்திரண்டு வருடம் கழித்து மனைவி வசுந்தரா முழுகாமல் இருந்தாள். இன்னும் மூன்று வாரம்தான். பிள்ளை பிறக்கும்வரை வீட்டுக்குள் இடுப்பில் கட்டிவிடும் ஒரு லம்பின் துணிகூட வரக்கூடாது என்பது அவள் கட்டளை. பதினைந்து வருடத்துக்கு முன்னால் ஆசை ஆசையாய் வாங்கிப் போட்ட தொட்டில் வெறுமனே கிடந்ததை இரண்டு பேருமே மறக்கவில்லை. அதனால் அவர் வாதாடவில்லை. ஆனால் பிள்ளை பாலுக்கு அழும்போது போத்தலுக்கு எங்கே ஓடுவது என்ற கவலை மட்டும் அவரை விடவில்லை. அவளுடைய கிளினிக் ஃபைலில் கிடந்த விளம்பரத் தாளில் இந்தக் கடையின் பெயரைப் பார்த்தார். காரை சர்வீசுக்கு விடப் போகிறேன் என்று சொல்லிவிட்டு, கிள்ளானிலிருந்து பெட்டாலிங் ஜெயாவுக்கு வந்துவிட்டார். வாங்குவதைக் காரிலேயே ஒளித்துவைப்பதாகத் திட்டம்.

கடைப்பெண்ணின் பெயர் விஷ்ணுப்ரியா என்று சட்டையில் குத்தியிருந்தது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஆறு போத்தல், அதை அவித்தெடுக்க ஒரு ஸ்டெரிலைசர், தாய்ப்பால் எடுக்க ஒரு பம்ப் என்று மேசையில் அடுக்கிவிட்டாள்.

"போத்தல்ல மாட்டற டீட் ஸ்லோ ஃப்ளோவா, மீடியமா? மகளுக்குப் போன் போட்டுக் கேளுங்க அங்கிள்."

"அவ மெல்பர்ன்ல இருக்கா."

"அதனால என்ன, வாட்ஸ்அப்ல கூப்பிடுங்க."

"அங்க இப்ப தூங்கற நேரம்மா."

"என் அண்ணன் அங்கதான் இருக்கான் அங்கிள். நம்மள விட ரெண்டு மணி நேரம்தான் கூட. இப்ப அங்க மத்தியானம் ஒரு மணி."

"மாசமா இருக்கற பிள்ளை மத்தியானத்துல தூங்காதா?" என்றார் ஜெயந்திரன். தன் சாமர்த்தியத்தைத் தானே மெச்சிக்கொண்டார்.

அந்தச் சந்தோஷம் ஒரு நிமிடம்தான் நீடித்தது. மெல்பர்னில் பம்ப்பின் பிளக் சேராது என்று விஷ்ணுப்ரியா பக்கத்துக் கடைக்கு ஓடி ஓர் அடாப்டரோடு வந்தாள். விமானத்தில் அடிபடக்கூடாது என்று ஆறு போத்தலையும் தனித்தனியாக பபுள் பிளாஸ்டிக்கில் சுற்ற ஆரம்பித்தாள். வேண்டாம் என்று சொல்ல அவருக்கு ஒரு காரணமும் அகப்படவில்லை.

"மருமகன் என்ன வேலை அங்கிள்?"

"சர்வேயர்," என்று தன் வேலையையே சொல்லிவைத்தார்.

"அவரு கடைக்குப் போய் இதெல்லாம் வாங்க மாட்டாரா?"

"கொஞ்சம் கூச்ச சுபாவம்."

"என்ன கூச்சம்லா? முதல் பிள்ளை. பொண்டாட்டி வயித்தத் தூக்கிட்டு நடக்குது. இவருக்குப் போத்தல் வாங்க வெக்கமா?"

ஜெயந்திரனுக்குச் சுருக்கென்றது. "அப்படிச் சொல்லாதம்மா. ரொம்ப நல்லவன். தினம் அவளுக்குக் கால் பிடிச்சு விடறான். அவளுக்காக மீன் கறி வைக்கக் கத்துக்கிட்டான். முதல்ல ரெண்டு தடவை கெட்டுப்போச்சு. இப்ப நல்லாவே வைக்கறான்."

"மருமகன இப்படித் தூக்கிப் பேசற மாமனார நான் பாத்ததே இல்ல அங்கிள்," என்றாள் அவள், நிஜமாகவே உருகிப்போய்.

"ஜெயா, நீ எங்க இங்க?"

பின்னால் ராதாகிருஷ்ணன் நின்றார். ஷா ஆலம் ஆபீசில் பதினெட்டு வருடமாக அடுத்த மேசைக்காரர். இடுப்பில் பேத்தி. ஜெயந்திரனுக்குப் பிள்ளை இல்லை என்பது நன்றாகத் தெரிந்த ஆள். வசுந்தரா மாசமாக இருப்பதை மட்டும் ஜெயந்திரன் ஆபீசில் யாரிடமும் சொல்லியிருக்கவில்லை.

"யாருக்குய்யா இவ்வளவு சாமான்?"

"தங்கச்சி மகளுக்கு," என்று குரலைத் தாழ்த்தினார் ஜெயந்திரன். தாழ்த்தியது போதவில்லை.

"இல்ல அங்கிள், இவரு சொந்த மகளுக்குத்தான். மெல்பர்ன்ல இருக்காங்க," என்று விஷ்ணுப்ரியா திருத்தினாள்.

ராதாகிருஷ்ணன் பேத்தியை மறு இடுப்புக்கு மாற்றினார். சுற்றிலும் பார்த்துவிட்டுக் கிட்டே வந்தார்.

"வசுந்தராவுக்குத் தெரியுமா?"

கடைக்கு வந்ததைத்தான் கேட்கிறார் என்று நினைத்தார் ஜெயந்திரன். "தெரியாது. தெரிஞ்சா என்னை உண்டு இல்லைன்னு ஆக்கிடுவா. சொல்லிடாதய்யா."

"எத்தனை வருஷமா ஜெயா?"

அப்போதுதான் அவருக்கு விளங்கியது. விளக்கம் சொல்ல வாயைத் திறப்பதற்குள் ராதாகிருஷ்ணன் அவர் தோளைத் தட்டி, "நான் யார்கிட்டயும் மூச்சுவிட மாட்டேன்," என்றார். தட்டிய விதத்திலேயே, திங்கட்கிழமை பத்து மணிக்குள் ஆபீஸ் முழுக்கத் தெரிந்துவிடும் என்று புரிந்துபோனது.

"பம்ப்புக்கு வாரண்டி எழுதணும் அங்கிள். மக பேரும் மெல்பர்ன் அட்ரஸும் சொல்லுங்க," என்றாள் விஷ்ணுப்ரியா.

ஜெயந்திரன் சுற்றிவைத்திருந்த போத்தல்களைப் பார்த்தார். இன்னும் முகத்தைக்கூடக் காட்டாத பிள்ளை. இருபத்திரண்டு வருடம் காத்துக் கிடந்து வரப்போகிற பிள்ளை. அதைப் பேரப்பிள்ளை ஆக்கி, தங்கச்சி வீட்டுக்கும் தள்ளி, கடல் கடந்தும் அனுப்பியாகிவிட்டது. எல்லாம் அரை மணி நேரத்துக்குள்.

"எனக்கு மகளே இல்லம்மா," என்றார். "பேரனும் இல்ல. அந்தக் கூச்சக்கார மருமகன் நான்தான். பிறக்கப் போறது என் பிள்ளை. இந்த வயசுல சொல்ல வாய் வரல. மன்னிச்சிரு."

ராதாகிருஷ்ணன் பேத்தியை விஷ்ணுப்ரியாவிடம் கொடுத்துவிட்டு, இரண்டு கையாலும் அவர் கையைப் பிடித்துக்கொண்டார். கண் கலங்கியிருந்தது. விஷ்ணுப்ரியா சிரித்துக்கொண்டே, ஒரு கையில் குழந்தையும் மறு கையில் கத்தரிக்கோலுமாகப் போத்தல்களைப் பிரித்து வைத்தாள். அடாப்டரைத் தனியே ஒதுக்கினாள்.

ஜெயந்திரனுக்கு உடம்பே லேசானதுபோல் இருந்தது. ஒளித்துவைக்கும் திட்டத்தையும் கைவிட்டார். வசுந்தராவிடம் சொல்லிவிட வேண்டியதுதான், திட்டினால் வாங்கிக்கொள்ளலாம். கிள்ளான் வீட்டு எண்ணையும் தெருப் பெயரையும் கடைக்கே கேட்கும்படி சொன்னார்.

விஷ்ணுப்ரியா கம்ப்யூட்டரில் தட்டினாள். பிறகு விரல் நின்றது. திரையையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"இதே அட்ரஸ்ல இருக்கற வசுந்தரா ஆன்டி உங்க வீட்டம்மாவா அங்கிள்? போன மாசமே போன்ல பேசி, இதே போத்தல், இதே பம்ப் எல்லாத்துக்கும் காசு கட்டி, பிள்ளை பிறந்ததும் அனுப்பச் சொல்லி எங்க ஸ்டோர்லயே வச்சிருக்காங்க. லண்டன்ல இருந்து பிரசவத்துக்கு வந்திருக்கற மகளுக்குன்னு சொன்னாங்களே."